நேற்று மருந்து, இன்று பறிப்பு

நெல்லை வருடத்துக்கு இரண்டு தடவை அறுக்கிறோம். பருத்தியை ஒரு பட்டத்தில் நாலைந்து தடவை எடுக்கிறோம். தக்காளி வாரம் இரண்டு பறிப்பு தாங்கும். மல்லிகை மட்டும் காத்திருக்காது. சீசன் பிடித்துவிட்டால் தினமும் விடியுமுன் பறித்தாக வேண்டும். ஒரு நாள் விட்டால் மொட்டு மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை ஏலத்தில் யாரும் சீண்ட மாட்டார்கள். அதே சீசனில்தான் மொட்டுப்புழுவும் பூ ஈயும் சிவப்புச் சிலந்தியும் செடியில் ஏறுகின்றன. வாரம் ஒரு முறையாவது மருந்தடிக்காமல் தோட்டத்தைக் காப்பாற்ற முடியாது என்பது விவசாயியின் கணக்கு.

தினமும் பறிப்பு, வாரந்தோறும் மருந்து. பூத்தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு வரும் உடல்நலக் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டும் ஒரே செடியில் மோதுவதால் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

கொங்கு நாட்டில் பூ என்றாலே சத்தியமங்கலம்தான். சத்தியிலும் பவானிசாகரிலும், கெஞ்சனூர், தாண்டாம்பாளையம், அரியப்பம்பாளையம் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலும் மல்லிகை, முல்லை, சம்பங்கி, கனகாம்பரம், செண்டுமல்லி, கோழிக்கொண்டை என்று ஏக்கர் ஏக்கராகப் பூக்காடு. காலையில் சத்தி மார்க்கெட்டில் ஏலம் முடிந்ததும் கோவை, திருப்பூர், மைசூர், கேரளம் என்று பெட்டிகள் பிரிந்து போகின்றன. முகூர்த்த நாளில் மல்லிகை கிலோ ஆயிரங்களைத் தொடும். முகூர்த்தம் முடிந்த மறுநாளே சில நூறுக்கு இறங்கும். மேற்கே தொண்டாமுத்தூர் பக்கமும் பூ உண்டு. கிழக்கே சேலம் பனமரத்துப்பட்டியில் அரளி. மலையேறினால் கோத்தகிரியில் பசுமைக்குடில் கார்னேஷன். வடக்கே ஓசூரில் பிப்ரவரி காதலர் தினத்துக்குக் கப்பலும் விமானமும் ஏறும் ரோஜா. இத்தனை பூவுக்கும் பின்னால் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் கை எவ்வளவு வேகமோ அவ்வளவுதான் வருமானம்.

பறிப்பைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மணி மூன்றரை, நாலு. நெற்றியில் கட்டிய ஹெட்லைட். சேலைக்கு மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் மடி. செடி இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவு. குனிந்து, கிளையை ஒரு கையால் விலக்கி, மறுகையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து காம்போடு மொட்டைக் கிள்ள வேண்டும். ஒரு கிலோவுக்குப் பல ஆயிரம் மொட்டு. ஒவ்வொரு மொட்டுக்கும் விரல் செடியைத் தொடுகிறது. முழங்கை இலையில் உரசுகிறது. முந்தானை கிளையில் புரள்கிறது. அந்த நேரத்தில் இலையெல்லாம் பனி. அரைமணி நேரத்தில் சட்டைக்கை நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இங்கே பனிதான் கவனிக்க வேண்டியது. காய்ந்த இலையில் ஒட்டியிருக்கும் மருந்துப் படிவத்தைவிட ஈரமான இலையில் இருப்பது சுலபமாகத் துணிக்கும் தோலுக்கும் இடம் மாறும். ஈரத் துணி அதைத் தோலோடு சேர்த்து மணிக்கணக்கில் வைத்திருக்கும். மருந்தடிப்பவருக்கு அந்த மருந்தோடு இரண்டு மணி நேர உறவுதான். பறிப்பவருக்கோ சூரியன் ஏறும்வரை, தினந்தோறும்.

“ஏனுங்கக்கா, இந்தக் காட்டுக்கு எப்ப மருந்தடிச்சாங்க?” என்று கேட்டால், “நேத்துப் பொழுதோடங்க” என்று சாதாரணமாகப் பதில் வரும். நேற்று சாயங்காலம் அடித்தால் இன்று விடியற்காலைப் பறிப்புக்கு நடுவே பத்து மணி நேரம்கூட இல்லை.

மருந்தடித்த காட்டுக்குள் எவ்வளவு நேரம் கழித்து ஆள் இறங்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் தனி விதியே உண்டு. நச்சின் கடுமைக்கேற்ப 4 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை, சிலவற்றுக்கு அதற்கும் மேல். நம் ஊர் புட்டியில் எழுதியிருப்பதைப் படித்தால் நெல், பருத்தி, மிளகாய் என்று பயிர்கள் இருக்கும். கடைசியாக அடித்ததற்கும் அறுவடைக்கும் இத்தனை நாள் இடைவெளி என்றும் இருக்கும். மல்லிகை என்ற பேரே அந்தப் பட்டியலில் அபூர்வம். இருந்தாலும்தான் என்ன? ஏழு நாள் இடைவெளி என்று அச்சிட்டால் தினமும் பறிக்கும் செடியில் அதை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது?

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மொட்டுப்புழுவுக்குப் பல காலமாக அடிக்கப்பட்டுவந்த மோனோகுரோட்டோபாஸ், இன்றும் கடைகளில் கிடைக்கும் குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் என்ற ஒரே குடும்பம். நம் நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. கட்டளை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைத் துடைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் ஊறும், கண்ணில் நீர் வழியும், வேர்த்துக் கொட்டும், குமட்டும், வயிறு பிசையும், பார்வை மங்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், சதை துடிக்கும். மிஞ்சிப்போனால் நெஞ்சில் சளி நிரம்பி மூச்சு நிற்கும். பூச்சி சாவதும் இதே வழியில்தான். பூச்சிக்கும் நமக்கும் நரம்பு இந்த விஷயத்தில் ஒரே மாதிரி.

புட்டியைக் குடித்தவருக்கு நடப்பது இது. பறிப்பவருக்கு நடப்பது வேறு மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது; நொதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. உடம்பு புதிதாகச் சுரக்கும், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அடுத்த மருந்தடிப்பு வந்துவிடும். தலைவலி, கிறுகிறுப்பு, கண்ணெரிச்சல், தூக்கமின்மை, கைகால் அசதி என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத தொந்தரவுகளாகத் தெரியும். “பித்தமா இருக்கும்ங்க”, “ராத்தூக்கம் இல்லைல்லங்க” என்று அவர்களே காரணமும் சொல்லிவிடுவார்கள். டாக்டரிடம் போனால் வலி மாத்திரையோடு திரும்பி வருகிறார்கள். பூ பறிக்கிறீர்களா, மருந்தடித்து எத்தனை நாளாச்சு என்ற இரண்டு கேள்வியை மருத்துவமனையில் கேட்டால் பாதி நோய் அங்கேயே பிடிபடும்.

மூக்கு வழியாகத்தான் விஷம் ஏறும் என்று நம்பி வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிறவர்கள் நிறையப் பேர். காட்டுவேலையில் அதிகம் போவது தோல் வழியாக. பாரத்தியான் என்ற பழைய ஆர்கனோபாஸ்பேட்டைத் தன்னார்வலர்களின் தோலில் மிகச் சிறிய அளவில் தடவி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் அளந்தார்கள். முன்கையில் தடவியதில் சுமார் 9 சதவீதம் உள்ளே போனது. உள்ளங்கையில் 12. தலைத்தோலில் மூன்றில் ஒரு பங்கு. நெற்றியில் அதைவிடச் சற்று அதிகம். அக்குளில் 64. விதைப்பையில் தடவியது கிட்டத்தட்ட முழுவதும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மருந்தடிப்பவரைப் பாருங்கள். முதுகில் டேங்க். மூடியோரம் கசிந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கி, கட்டியிருக்கும் லுங்கியை நனைக்கிறது. இடுப்புயரச் செடியில் அடிக்கும் சாரல் தொடைக்கும் இடுப்புக்கும் திரும்பி வருகிறது. எங்கே துளி பட்டால் முழுதும் உள்ளே போகுமோ அங்கேதான் துணி ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகத்துக்குக் கட்டிய துண்டுக்கு அங்கே வேலையே இல்லை.

கலக்கும் நேரம் அதைவிட மோசம். டேங்கில் இருப்பது நீர்த்த மருந்து. புட்டியில் இருப்பது செறிவான நச்சு. “ஒரு மூடி ஊத்துங்க” என்பதுதான் அளவு. மூடியைப் பிடித்த விரலில் வழியும். குச்சி கிடைக்காவிட்டால் கையை விட்டே கலக்கி விடுகிறவர்கள் உண்டு. புழுவுக்கு ஒன்று, சிலந்திக்கு ஒன்று, பூசணத்துக்கு ஒன்று, பூ திரட்சியாக வர டானிக் ஒன்று என்று நாலையும் ஒரே டேங்கில் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. தனித்தனியாக இவ்வளவு வரை தாங்கும் என்று சொல்லும் எந்த அளவும் இந்தக் கலவைக்குப் பொருந்தாது. நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவதையும் பார்க்கலாம். முப்பது வருடமாக ஊதுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனவர்கள் வந்து சொல்வதில்லை.

சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து தென்னிந்திய விவசாயிகள் 631 பேரிடம் எடுத்த ஆய்வு 2006-ல் வெளியானது. அதில் 88 சதவீதம் பேர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் மருந்தைக் கையாண்டவர்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் அளவுமீறிய வியர்வை. ஏறக்குறைய அதே அளவு பேருக்குக் கண்ணெரிச்சல். நாலில் ஒருவருக்குத் தொண்டை வறட்சி. பூ விவசாயிகளை மட்டும் தனியே எடுத்த ஆய்வு அல்ல அது. ஆனால் கண்ணெரிச்சலுக்குப் பயிர் பேதம் கிடையாது.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்த வருடம் செடி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது, சாரல் முகத்தில் இறங்கியது என்றார்கள். அப்படிக் கொத்தாகச் சாவு விழுந்தால் பேப்பரில் வரும், அமைச்சர் வருவார், விசாரணை நடக்கும். பூக்காட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. இருபது வருடமாக மெல்லத் தேய்வதற்கு யாரும் விசாரணை வைப்பதில்லை.

தின்னாத பயிர்

தக்காளியில், கத்தரியில், ஏலக்காயில் மருந்து எவ்வளவு தங்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. வாங்கும் நாட்டின் வரம்பை மிஞ்சினால் ஏற்றுமதிப் பெட்டி திரும்பி வந்துவிடும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்கக்கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. பூவில்? பூவை யாரும் தின்பதில்லை, எனவே வரம்பும் இல்லை. காய்கறிக்கு விலக்கப்பட்ட மருந்து அதற்குப் பிறகும் பல வருடம் மற்றப் பயிர்களுக்கென்று கடையில் கிடைத்தது. 2023-ல் மத்திய அரசு பிறப்பித்த ஆணைதான் அந்த 36 சதவீதக் கரைசலுக்கு முடிவு கட்டியது. பதினெட்டு வருட இடைவெளி. சாப்பிடுகிறவரைக் காக்க ஒரு சட்டம் உடனே வந்தது. பறிக்கிறவர் கணக்கிலேயே இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் கோபமெல்லாம் இங்கேதான்.

தின்னாத பயிரில் எவ்வளவு தங்குகிறது என்பதைப் பெல்ஜியத்தில் பார்த்திருக்கிறார்கள். லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூக்கடைக்காரர்களுக்குப் பருத்திக் கையுறை கொடுத்து, வழக்கம்போல் பூங்கொத்துக் கட்டச் சொல்லி, பிறகு அந்தக் கையுறையைச் சோதித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சிக்கொல்லி, பூசணக்கொல்லிகள் அதில் இருந்தன. கடைக்காரர் தோட்டத்தையே பார்த்திராதவர். பூ அங்கே பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து குளிர்பெட்டியில் வந்து சேர்ந்தது.

நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர்கள் பூ கட்டும் பெண்கள். கோவை மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்டில் வாங்கி, வீட்டுத் திண்ணையில் ஈரத்துணி விரித்து, வாழைநாரிலும் நூலிலும் நாளெல்லாம் கட்டுகிறவர்கள். ஓயாத ஈரத்தில் நகக்கண் வெளுத்து வீங்கி, சீழ் கோத்து வலிக்கும். ஈரக்கையில் வளரும் பூசணம் அது. நாரை இழுத்து இழுத்து விரலில் வெடிப்பு. வெடிப்பு வழியாக மற்றது எல்லாம் சுலபமாக நுழையும். கட்டிக்கொண்டே முறுக்கு கடிப்பதும் வெற்றிலை மடிப்பதும் உண்டு. தோல் வழியாகப் போகாத மிச்சம் இப்படி வாய்வழியாகப் போகிறது. இவர்களைப் பண்ணைத் தொழிலாளர் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு

பூ வேலையில் பெண்கள் அதிகம் என்பதால் இந்தக் கேள்வியை உலகில் பல இடங்களில் கேட்டிருக்கிறார்கள். கொலம்பியாவில் பொகோட்டா சுற்றுவட்டாரப் பூப்பண்ணைகளில் 8,867 தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு 1990-ல் வந்தது. 127 வகை மருந்துகள் புழங்கிய பண்ணைகள் அவை. அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு உண்டான கர்ப்பங்களில் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் மிதமாகக் கூடியிருந்தன. டென்மார்க்கில் பசுமைக்குடிலில் வேலைபார்த்த தாய்மார்களின் ஆண் குழந்தைகளைப் பரிசோதித்தபோது, விரை கீழிறங்காத குறை மற்றக் குழந்தைகளைவிட அதிகம் இருந்தது. டென்மார்க்கில் கர்ப்பம் என்று தெரிந்ததுமே அந்தப் பெண்களை மருந்து படும் வேலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். அப்படியும் இது நடந்தது. காரணம், நாள் தள்ளிப்போனது தெரிவதற்கு முன் கழியும் அந்த முதல் சில வாரங்களாக இருக்கலாம்.

ஈக்வடாரில் அன்னையர் தினத்துக்கு முன் ரோஜா அறுவடை உச்சத்தில் இருக்கும். மருந்தடிப்பும் அப்போது அதிகம். பூப்பண்ணைக்குப் பக்கத்தில் வாழும் பிள்ளைகளை அந்தச் சீசனுக்குப் பிறகு சோதித்தபோது, முன்னதாகச் சோதிக்கப்பட்டவர்களிடம் கவனமும் மற்ற மூளைத்திறன்களும் சற்றுக் குறைவாக இருந்தன. இன்னும் நாள் கழித்துச் சோதித்த பிள்ளைகளிடம் அவ்வளவு குறைவு இல்லை. இந்தப் பிள்ளைகள் பண்ணையில் வேலை செய்பவர்கள் அல்ல. நம்மூர்ப் பூக்காட்டு வரப்பில் தொட்டில் கட்டும் தாய்மார்களை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பூவே தரும் தொல்லை

மருந்து இல்லாவிட்டாலும் சில பூக்கள் சும்மா விடாது. செண்டுமல்லி, சாமந்தி குடும்பத்துச் செடிகளின் சாற்றில் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள் உண்டு. சிலருக்கு விரலிடுக்கில் அரிப்பாகத் தொடங்கி, தோல் தடித்துக் கறுத்து வெடிக்கும். வரப்பெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் இதே குடும்பம்தான். ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்கு மற்றதும் ஆகாமல் போகலாம். முகத்திலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வெயில் காலத்தில் அரிப்பு கூடினால் மருந்தை மட்டும் சந்தேகிக்காமல் இதையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும்.

அரளி வேறு ரகம். வேர் முதல் பூ வரை எல்லாப் பாகமும் நச்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள் அதில் இருக்கிறது. 2024 மே மாதம் கேரளத்தில் ஓர் இளம்பெண் அரளி இலையை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தபின், திருவாங்கூர் தேவசம் போர்டு கோயில் நைவேத்தியத்தில் அரளியை நிறுத்தியது. பக்தர் கைக்குப் போகும் நாலு பூவுக்கு அங்கே எச்சரிக்கை வந்தது. கிலோக்கணக்கில் பறிப்பவர் கையில் வழியும் பாலுக்குத் தண்ணீரும் சோப்பும்தான் காப்பு. அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் எரிச்சல் நாள் முழுக்க நிற்கும்.

ரோஜா முள் கீறலை யாரும் காயமாகவே மதிப்பதில்லை. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாயிற்று என்பது நினைவில் இருக்க வேண்டும். இடுப்பு, முதுகு, முழங்கால் வலியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எந்த விவசாய வேலைக்கும் பொருந்தும் கதைதான். பூவில் கூடுதலாக இருப்பது கட்டைவிரல் மூட்டும் கழுத்தும். செடியை நவம்பர் கடைசியில் சரியாகக் கவாத்து செய்து உயரத்தைக் கட்டுக்குள் வைத்தால் குனிவும் ஒரு மாதிரி சீராகும், பூச்சியும் குறையும்.

இருட்டில் இறங்கும் வேலை என்பதால் பாம்பும் கணக்கில் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியன் செடியடியில் சுருண்டு கிடக்கும். நெற்றி விளக்கு மொட்டைக் காட்டும், காலடியைக் காட்டாது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது; இனி ஒவ்வொரு கடியும் அரசுக் கணக்கில் ஏற வேண்டும். முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, ஒரு முகூர்த்த நாள் மல்லிகைக் கிலோவின் விலைக்குள் அடங்கிவிடும். சத்தி வனத்தை ஒட்டிய காடுகளில் யானையும் வரும். அதற்குப் பூட்ஸ் உதவாது.

பசுமைக்குடிலில் நிலைமை தலைகீழ். பாம்பும் பனியும் இல்லை, காற்றும் இல்லை. அடித்த மருந்து வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், வெக்கையும் புழுக்கமும் சேர்ந்து வியர்வையில் தோல் திறந்திருக்கும். மருந்தடித்தபின் பக்கத் திரையை ஏற்றிக் காற்றோட விட்டு, மறுநாள்தான் ஆள் இறங்க வேண்டும். பூ போய்ச் சேரும் இன்னொரு மூடிய இடம் ஆலை. முல்லை, ஜாதிமல்லியிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பான் பயன்படுகிறது. அதன் ஆவியை நாள்பட மூச்சில் இழுத்தால் கால்விரலிலும் கைவிரலிலும் மரத்துப்போதல் தொடங்கும். ஆலைக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, ஆய்வாளர் வருவார். காட்டுக்கு இரண்டும் இல்லை.

என்ன செய்யலாம்?

முதலில் உதவாததைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் படத்தில் விண்வெளி வீரர் மாதிரி ஒருவர் பிளாஸ்டிக் உடை போட்டு மருந்தடிப்பார். நம் சித்திரை வெயிலில் அதைப் போட்டால் மருந்துக்கு முன்னால் வெக்கையே ஆளைச் சாய்த்துவிடும். பறிப்பவருக்குக் கனமான கையுறையும் நடக்காது. மொட்டின் காம்பு விரலுக்குத் தெரிய வேண்டும். மெல்லிய துணிக் கையுறை பனியில் நனைந்தால் மருந்தை உறிஞ்சித் தோலோடு பிடித்துவைக்கும், வெறுங்கையே மேல்.

உதவுவது நேரம்தான். மருந்தைப் பொழுதோட அடிக்காமல், காலைப் பறிப்பு முடிந்த கையோடு அடித்தால் அடுத்த பறிப்புக்கு இருபது மணி நேரமாவது கிடைக்கும். காட்டை இரண்டு பாத்தியாகப் பிரித்து ஒன்றில் அடித்தால் அன்றும் மறுநாளும் அதில் பறிப்பை விடலாம். கிலோ இரண்டாயிரம் விற்கும்போது எந்த விவசாயியும் இதைக் கேட்க மாட்டார், அது எனக்கும் தெரியும். ஆனால் முகூர்த்தம் முடிந்து விலை விழும் நாள்கள் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரிகின்றன. மருந்தடிப்பை அந்த நாள்களுக்குத் தள்ளினால் விடும் பூவின் நட்டம் சிறிது. மருந்தின் தேவையையே குறைக்கவும் வழியுண்டு. புழு விழுந்த மொட்டைச் செடியிலும் தரையிலும் விடாமல் பொறுக்கி அழிப்பது, வேப்பங்கொட்டைக் கரைசல், விளக்குப் பொறி எல்லாம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லித் தருபவை. கூலி கொஞ்சம் கூடும், மருந்துக்கடை பில் குறையும்.

அடிப்பவர் செய்ய வேண்டியது: கசியும் டேங்கை முதுகில் ஏற்றாமல் இருப்பது, லுங்கிக்குப் பதில் பேன்ட், முழுக்கைச் சட்டை, கலக்கும்போது மட்டுமாவது ரப்பர் கையுறை, காற்றுக்கு எதிராக அடிக்காமல் இருப்பது, நாசிலுக்கு ஒரு பழைய பல்துலக்கி. வேலை முடிந்ததும் காட்டுக் கிணற்றடியிலேயே சோப்புப் போட்டுக் குளிப்பது. அந்தச் சட்டையும் சேலையும் குழந்தைத் துணியோடு சேராமல் தனியே துவைக்கப்பட வேண்டும். பறிக்கும் பெண்கள் டீ குடிப்பதற்கு முன், வெற்றிலை மடிக்கும் முன், பிள்ளையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதற்கு வரப்போரத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு சோப்பும் வைப்பது தோட்டத்துக்காரர் பொறுப்பு. காலி மருந்து கேனில் தண்ணீர் கொண்டுவரும் பழக்கம் இன்னும் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

யாருக்காவது வாந்தியும் எச்சிலும் மூச்சுத்திணறலும் வந்தால் முதலில் ஈரத்துணியைக் களைந்து, சோப்புத் தண்ணீரில் உடம்பைக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அட்ரோபின் போடலாமா என்று முடிவெடுக்க அந்த லேபிள்தான் வழிகாட்டும். அதில் சாய்சதுரத்துக்குள் சிவப்பு முக்கோணம் இருந்தால் கடும் நச்சு. அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை.

சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 1971-ன் பூச்சிக்கொல்லி விதிகளில், மருந்தைக் கையாள்வோருக்கும் தெளிப்போருக்கும் வேலைக்கு முன்பும் பிறகு குறித்த இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றும், ஆர்கனோபாஸ்பேட் புழங்குவோருக்குக் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றும் இருக்கிறது. மருந்துக் கம்பெனிக்குள் அது நடக்கலாம். தினக்கூலிக்கு டேங்க் சுமப்பவருக்கு யார் எடுப்பது? பறிப்பவர் அந்த விதியிலேயே இல்லை.

அந்தப் பரிசோதனை ஒரு தடவை எடுத்தால் பயனில்லை. ஆளுக்கு ஆள் இயல்பான அளவு மாறும் என்பதால், மருந்து படாத காலத்தில் ஒரு அளவும் சீசனில் ஒரு அளவும் எடுத்து ஒப்பிட வேண்டும். கலிபோர்னியாவில் சிவப்பணுவில் உள்ள நொதி அவரவர் சொந்த அளவிலிருந்து 30 சதவீதம் குறைந்தால் ஆளை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது விதி. நம் பூக்காட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மார்கழிப் பனியில் பூ குறைவு, மருந்தும் குறைவு. அப்போது ஒரு ரத்தம். சித்திரை, வைகாசியில் இன்னொரு ரத்தம்.

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில், வீட்டுக்கே வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில், பூ விளையும் சீமையிலேயே, தொடங்கியது. 2024-ல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று அது ஆலைகளுக்கும் போனது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் அதே பணியாளர் கோலினெஸ்டரேஸுக்கும் ஒரு குழாய் ரத்தம் எடுக்கலாம். வீடுவீடாகத் தேட வேண்டிய அவசியம்கூட இல்லை. சத்தி பூ மார்க்கெட்டுக்குக் காலை ஏழு மணிக்கு வந்தால் விவசாயி, மருந்தடிப்பவர், மூட்டை தூக்குபவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். பறிப்பவர்கள் யார் யார் என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. ஈரோடு, கோவை, சேலம் மாவட்ட சுகாதாரத் துறைகள் வரும் மார்கழியில் முதல் ரத்தத்தை அங்கே எடுக்கட்டும்.